சிரட்டைக்குள் மின்சாரம், கிடங்குக்குள் புகை

இலத்திரனியல் பொருட்களை இயற்கையில் இருந்தே செய்யலாம் என்ற கதை இப்ப அடிக்கடி காதில் விழுகிறது. மரக்கூழில் சிப், தாவர நாரில் சர்க்கியூட் பலகை எண்டு. எங்களுக்கு இவை தூரத்து ஆய்வுகூடச் செய்திகள். ஆனால் ஒன்று மட்டும் எங்கட குசினிக்குப் பின்னாலேயே கிடக்கிறது: தேங்காய்ச் சிரட்டை.

சிரட்டையைக் காற்றுக் குறைவாக வைத்துக் கருக்கினால் கரி. அந்தக் கரியை 900 பாகை செல்சியஸ் அளவில் நீராவியோடு சூடாக்கினால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் எக்கச்சக்கமாகத் திறக்கும். அதுதான் செயற்படுத்திய காபன். நல்ல தரமான தூள் ஒரு கிராமின் துளைச்சுவர்களை விரித்து அளந்தால் 1500 சதுர மீற்றரைத் தாண்டும். யாழ்ப்பாணக் கணக்கில் கிட்டத்தட்ட ஆறு பரப்புக் காணி, ஒரு சிட்டிகைக்குள்ள! அந்தச் சுவர்களில் மின்னேற்றம் ஒட்டி நிற்பதால் வேலை செய்வதுதான் சூப்பர் கப்பாசிற்றர். (பள்ளிக்கூடத்தில் கொள்ளளவி எண்டு படிச்சமே, அதன் பெரியண்ணன்.) பற்றரி அளவுக்குச் சக்தியைத் தேக்காது. ஆனால் சட்டெனச் சார்ஜ் ஏறும், இலட்சக்கணக்கான தடவை ஏற்றி இறக்கலாம். சங்ஹாயில் 2006 முதல் கப்பாசிற்றர் பஸ்கள் தரிப்பிடங்களில் நின்று சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கின்றன.

இந்தக் காபனின் முக்கிய மூலப்பொருட்களில் ஒன்று சிரட்டை. சிரட்டைக் காபனை ஏற்றுமதி செய்யும் முக்கிய நாடுகளில் இலங்கையும் ஒன்று. பெருமைப்படலாம்தான். ஆனா கரி சுடுற இடத்தையும் ஒருக்காப் பார்க்க வேணும். திறந்த கிடங்கில் சிரட்டை கருகும்போது வரும் புகையில் காபனோரொட்சைட்டு, மீதேன், தார் எல்லாம் இருக்கு. அதைச் சுவாசிக்கிறவர் கிடங்கடியில் நிற்கும் கூலித் தொழிலாளி. 'இயற்கை மூலம்' என்ற லேபலில் அந்த ஆள் இல்லை. கப்பாசிற்றருக்குள் இருக்கிற அலுமினியத் தகடும் புளோரின் சேர்ந்த பசையும் தென்னையில் காய்த்தவை இல்லை என்பது வேறு கதை.

அந்தப் புகை எரியக்கூடியது. மூடிய உலையில் அதை எரித்து வெப்பம் எடுக்கலாம், மின்சாரமும் எடுக்கலாம். எங்கட நாட்டிலேயே செய்து காட்டியாச்சு. ஆனால் சிறிய கிடங்குக்காரர் அந்த உலைக்குக் காசுக்கு எங்க போவார்? 'பசுமை' என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்கிறவர்கள் அந்தக் கூடுதலில் ஒரு பங்கை உலைக்கே கொடுக்க வேண்டும் என்கிறோம். அதுவரை இந்தக் காபனைப் பசுமை என்று கூப்பிட எங்களுக்கு வாய் வராது.