பின்சக்கர நட்டும் ஒரு பாடம்தான்

உங்களில் பலர் சைக்கிளில் பள்ளிக்கு வருகிறவர்கள். உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபடியும் சரியாகப் பூட்ட உங்களுக்குத் தெரியுமா? "அது சைக்கிள் கடைக்காரர் வேலை; நமக்கு எதற்கு?" என்கிறீர்களா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்காகவே எழுதப்பட்டது.

நான் பத்தாம் வகுப்பில் படித்தபோது நானே பின்டயரை மாற்றினேன். பஞ்சர் ஒட்டுவதற்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. டயர் மாற்றுவதென்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். திரும்பப் பூட்டும்போது இடது நட்டைப் பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். வலது பக்கம் செயின் கவர் இடைஞ்சலாக இருந்ததால் அந்த நட்டை அரைகுறையாக விட்டுவிட்டேன். மறுநாள் காலை பாலத்து மேட்டில் எழுந்து நின்று மிதித்தேன். 'கடக்' என்று ஒரு சத்தம். பின்சக்கரம் கோணிக்கொண்டு இடது பக்கக் குழாயில் முட்டி நின்றது. நான் சாலையில் கிடந்தேன். பின்னால் வண்டி எதுவும் வராததால் முழங்கைக் காயத்தோடு தப்பினேன்.

ஏன் இப்படி நடந்தது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

செயினின் ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி அரை அங்குலம், அதாவது 1.27 செ.மீ. முன்பல்சக்கரத்தில் 44 பற்கள் இருப்பதாகக் கொள்வோம். அதன் சுற்றளவு ஏறக்குறைய 56 செ.மீ.; ஆரம் சுமார் 9 செ.மீ. மிதிகட்டையைத் தாங்கும் கையின் நீளம் 17 செ.மீ. என்றால், 40 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரே மிதிகட்டையில் எழுந்து நிற்கும்போது செயினில் ஏற்படும் இழுவிசை என்ன? நெம்புகோல் விதிப்படி 40 × 17 ÷ 9. ஏறத்தாழ 75 கிலோ எடைக்குச் சமம்! அந்த விசை முழுவதும் அச்சின் வலது முனையை முன்னோக்கி இழுக்கிறது.

அச்சு உட்காரும் காடியைக் கவனித்திருக்கிறீர்களா? நமது சாதாரணச் சைக்கிள்களில் அது பின்பக்கம் திறந்த ஒரு நீள வெட்டு. அச்சு முன்னே நகராமல் தடுக்கச் சில சைக்கிள்களில் செயின் இழுப்புத் திருகுகள் உண்டு. அவை இல்லாத சைக்கிளில் 75 கிலோ இழுப்பைத் தாங்குவது, இறுகிய நட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள உராய்வு மட்டுமே. அழுத்தும் விசை கூடினால் உராய்வும் கூடும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? அந்த விதிதான் உங்களைத் தினமும் பள்ளிக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது.

அந்த அழுத்தத்தைத் தருவது நட்டின் மரை. ஓர் அங்குலத்துக்கு 26 மரை என்றால், நட்டு ஒரு முழுச் சுற்றில் சுமார் 1 மி.மீ. நகரும். 15 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியோ 94 செ.மீ. தூரம் சுற்றி வரும். உராய்வே இல்லையென்றால் உங்கள் கைவிசை 900 மடங்குக்கு மேல் பெருகும். உண்மையில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வில் போய்விடுகிறது. அப்படியும் 10 கிலோ விசை கொடுத்தால் 900 கிலோ அளவுக்கு அழுத்தம் கிடைக்கும். பறிபோன ஒன்பது பங்கும் வீண் அல்ல. நட்டு தானாகக் கழன்றுவிடாமல் பிடித்து வைப்பதும் அதே உராய்வுதான். ஆகவே முரட்டு பலம் தேவையில்லை. ஸ்பேனரோடு குழாய் சொருகி நீளமாக்கித் திருகினால் மரைதான் தேயும்.

முறையாகச் செய்வது எப்படி? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். கழற்றும்போது மட்கார்டு கம்பி, கேரியர் கால், வாஷர், நட்டு ஆகியவற்றை வந்த வரிசையிலேயே தரையில் அடுக்குங்கள். பூட்டும்போது அதற்கு நேர் எதிர் வரிசை. வாஷர் நட்டுக்கு அடியில் இருக்க வேண்டும். செயினைப் பல்சக்கரத்தில் மாட்டி, அச்சைப் பின்னோக்கி இழுங்கள். செயினின் நடுப்பகுதி மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆட வேண்டும். மிதிகட்டையை ஒரு முழுச் சுற்று சுற்றி, செயின் எங்கும் விறைப்பாகவில்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வலது நட்டை ஓரளவு இறுக்குங்கள். டயர் இரு குழாய்களுக்கும் நடுவில் வரும்படி நகர்த்தி, இடது நட்டையும் அதே அளவு இறுக்குங்கள். பிறகு வலம், இடம் என்று மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடியுங்கள். ஒரே பக்கத்தை முழுதும் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் சக்கரம் கோணும். கடைசியாகப் பிரேக் கட்டைகள் ரிம்மில் சரியாகப் படிகின்றனவா என்று பாருங்கள். சிறிது தூரம் ஓட்டிவிட்டு, நட்டுகளை மீண்டும் ஒருமுறை சோதியுங்கள்.

இதைக் கடைக்காரரிடமே விட்டால் என்ன? விடலாம். ஆனால் நட்டு தளர்வது கடைவாசலில் அல்ல. மாலை மங்கும் வேளையில், இரண்டு ஊர்களுக்கு நடுவே. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். யார் துணையும் இன்றிப் போய்வர முடிந்ததே அவர்கள் பெற்ற பெரிய செல்வம். 2005-06 முதல் தமிழக அரசு, அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிளை விரிவாக வழங்கத் தொடங்கியது. சைக்கிள் கையில் இருந்தும் ஒரு நட்டுக்காகப் பிறரை எதிர்பார்த்து நின்றால் அந்தச் சுதந்திரம் பாதிச் சுதந்திரம்தான்.

என் கருத்து இதுதான். ஆண்டுக்கு ஒரு நாள், இயற்பியல் வகுப்பு பள்ளியின் சைக்கிள் நிறுத்தத்தில் நடக்கட்டும். இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஒரு பின்சக்கரத்தைக் கழற்றிப் பூட்டுங்கள். உங்கள் ஊர் சைக்கிள் கடைக்காரரை அன்று ஆசிரியராக அழையுங்கள். புத்தகம் எழுத்தில் சொல்வதை அவர் விரல்கள் அறியும். கையில் கிரீஸ் படிந்தால் வெட்கப்பட வேண்டாம். மண்ணெண்ணெயும் சோப்பும் போதும், போய்விடும்.

உராய்வின் இலக்கணத்தை எழுதி மதிப்பெண் வாங்குவது நல்லதுதான். அதே உராய்வை நம்பி மேட்டில் எழுந்து நின்று மிதிக்கத் துணிவு வர வேண்டுமென்றால், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஸ்பேனரைக் கையில் எடுங்கள்.