கடவுள் செய்த குற்றம் என்ன?

என்னைத் தேடி அடிக்கடி வருகிற வாலிபர் ஒருவர் இருக்கிறார். என்ஜினீயர், நல்ல ரசிகர். சென்ற வாரம் வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது. உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"ஏமாற்றிவிட்டார்கள், சார்! எழுபது பகுதிகளுக்கு மேல் ராத்தூக்கம் கெட்டுப் பார்த்தேன். கடைசியில் எல்லாம் கடவுள் செயல் என்று கையை விரித்துவிட்டார்கள்!"

அவர் சொன்னது 'பாட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்ற அமெரிக்க டெலிவிஷன் தொடரைப் பற்றி. 2003 டிசம்பரில் தொடங்கி 2009 மார்ச் 20 அன்று முடிந்த விஞ்ஞானக் கற்பனைக் கதை அது. முடிந்த அன்று அந்நாட்டு ரசிகர்களில் பலர் போட்ட அதே கூச்சலைத்தான் இவர் இத்தனை ஆண்டு கழித்து என் வீட்டுத் திண்ணையில் வந்து போட்டார். நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினே அந்த முடிவைக் கண்டித்தவர். ஆகவே இந்த வாலிபரைத் தனியே பிடித்துத் திட்டுவது என் உத்தேசமல்ல. அந்தக் கோபம் நியாயமானதுதானா என்று விசாரிக்க விரும்புகிறேன், அவ்வளவுதான்.

கதை இது. மனிதன் படைத்த யந்திரங்கள் மனிதன்மேலேயே பாய்ந்து, அவன் வாழ்ந்த பன்னிரண்டு உலகங்களையும் அணுகுண்டால் அழித்துவிடுகின்றன. தப்பிய ஏறத்தாழ 50,000 பேர் கப்பல்களில் ஏறிப் பூமியைத் தேடி ஓடுகிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், மனிதர்கள் கிரேக்கப் பெயர் கொண்ட பல தெய்வங்களைக் கும்பிடுகிறார்கள். யந்திரங்களில் பல, ஒரே கடவுள்தான் உண்டு என்கின்றன. தொடரின் முகப்பு இசையில் பாடப்படுவதோ நம் காயத்ரி மந்திரம்! கடைசிப் பகுதியில், சில பாத்திரங்களுக்கு மட்டும் தென்பட்டு வந்த உருவங்கள் மனப்பிரமை அல்ல, தெய்வத் தூதர்கள் என்று தெரிகிறது. செத்து மீண்டு வந்த ஸ்டார்பக் என்ற வீராங்கனை, பேசிக்கொண்டிருக்கும்போதே மறைந்துபோகிறாள். இதுதான் குற்றம்.

நான் அந்த வாலிபரைக் கேட்டேன்: "கடவுள் உண்டு என்று அவர்கள் உம்மிடம் எப்போது சொன்னார்கள்?"

"கடைசியில்தான்!"

இல்லை. முதலிலேயே சொன்னார்கள். பால்டார் என்ற நாஸ்திக விஞ்ஞானியின் கண்ணுக்கு மட்டும் தெரிகிற அந்தப் பெண், ஆரம்பம் முதலே கடவுளைப் பற்றித்தான் பேசுகிறாள். அவன் குட்டை அம்பலப்படுத்தக் கூடிய ஒருவர் ஒரு கப்பலில் வருகிறார், 'மனம் வருந்து' என்கிறாள் அவள், அவன் வருந்துகிறான், அந்தக் கப்பலை அழிக்க உத்தரவாகிறது. 2005இல் வந்த ஒரு பகுதிக்குப் பெயரே 'கடவுளின் கரம்'. அதில் பால்டார் ஒன்றும் தெரியாமல் படத்தில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டுகிறான். தாக்க வேண்டிய இடம் அதுவாகவே இருக்கிறது. இத்தனையையும் பார்த்துவிட்டு, 'இதெல்லாம் சும்மா, பின்னால் ஏதாவது விஞ்ஞான விளக்கம் வரும்' என்று நீங்களாக ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டீர்கள். அதில் கையெழுத்துப் போட்டது நீங்கள் மட்டும்தான். கதாசிரியர் போடவில்லை. ஒப்பந்தத்தை மீறிவிட்டார் என்று அவரைக் கோர்ட்டுக்கு இழுத்தால் எப்படி?

அரிஸ்டாட்டிலைத் துணைக்கு அழைப்பார்கள். கிரேக்க நாடகத்தில் சிக்கல் முற்றியதும், தெய்வத்தை யந்திரத்தில் கட்டி மேலிருந்து இறக்குவது ஒரு வழக்கம். முடிவு கதையிலிருந்தே பிறக்க வேண்டும், யந்திரத்திலிருந்து இறங்கக் கூடாது என்று அவர் கண்டித்தார். சரியான கண்டனம். ஆனால் யந்திரத்தில் இறங்குகிற தெய்வம் அழையாமல் கடைசியில் வருவது. முதல் நாளே வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, 'இப்போது எங்கிருந்து வந்தீர்?' என்று கேட்பது என்ன மரியாதை?

இதைவிடக் கெட்டியான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதை நானே எடுத்து வைக்கிறேன். ஒளியை மிஞ்சித் தாவுகிற கப்பலையும், செத்தால் வேறு உடலில் விழித்தெழுகிற யந்திரத்தையும் ரசிகன் நம்புகிறான் என்றால், அவற்றுக்குக் கதைக்குள் ஒரு விதி உண்டு. இத்தனை தூரம்தான் தாவலாம். மறுபிறவிக் கப்பல் அருகில் இருந்தால்தான் மீண்டும் எழலாம். கடவுளுக்கு என்ன விதி? விதியில்லாதவரை உள்ளே விட்டால், கஷ்டம் வரும்போதெல்லாம் கதாசிரியர் அவரைக் கூப்பிட்டுத் தப்பித்துக்கொள்வாரே?

உண்மைதான். கடவுள் இலவசமாக வந்தால் கதை கெட்டுப் போகும். ஆனால் இந்தக் கதையில் அவர் இலவசமாக வரவில்லை. மரணத்தை நோக்கிப் போகிற ஒரு தலைவி மக்களை நடத்திச் செல்வாள், குடியேறும் வரை அவள் இருக்கமாட்டாள் என்கிறது பழைய ஏடு. ரோஸ்லின் அம்மாள் புற்றுநோயோடு அவர்களை நடத்தி வந்து, பூமியைக் கண்ணால் பார்த்துவிட்டுச் செத்துப்போகிறாள். தெய்வத்தின் கணக்கை மனிதர்கள் சதையால் கட்டியிருக்கிறார்கள். இதைச் சுலபமான தப்பித்தல் என்று நான் ஒப்பமாட்டேன்.

இதைக் கேட்டு ஆஸ்திகர்கள் யாரும் கை தட்ட வேண்டாம். அவர்களிடமும் எனக்கு வழக்கு உண்டு. விஞ்ஞானமே கடைசியில் கடவுளிடம் தலை குனிந்தது என்று பூரிக்கிறவர், அந்தக் கதையில் கோடிக்கணக்கானவர்களைக் கொன்றவர்களும் அந்த ஒரே கடவுளின் பெயரைச் சொன்னவர்கள்தாம் என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார். 1993இல் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில், பள்ளிக்கூடத்தில் தங்கள் தெய்வங்களை வெறும் அந்நிய ஜீவன்கள் என்று கற்பிப்பதை எதிர்த்து ஒரு கூட்டம் கிளம்புகிறது. பள்ளியில் குண்டு வெடிக்கிறது. அதே தொடரில்தான் பக்தி நிறைந்த போராளிப் பெண் ஒருத்தி கதாநாயகிகளில் ஒருத்தியாக இருக்கிறாள். ஒரு சாரார் இதை மத நிந்தனை என்பார்கள்; மறு சாரார் மதப் பிரசாரம் என்பார்கள். இரண்டு பேரும் கதை பார்க்க வரவில்லை. தங்கள் கட்சிக்கு ஓட்டு எண்ண வந்திருக்கிறார்கள்.

எண்ணத் தெரியாத ஒருவரைச் சொல்கிறேன். 'பாபிலோன் 5' தொடரை எழுதிய ஸ்ட்ராசின்ஸ்கி, தம்மை நாஸ்திகர் என்று சொல்லிக்கொள்பவர். 1994இல் அவர் எழுதிய ஒரு பகுதியில், ஒவ்வொரு கிரகத்தாரும் தத்தம் மதச் சடங்கைக் காட்டுகிறார்கள். மனிதர்களின் முறை வருகிறது. தளபதி எல்லோரையும் அழைத்துப் போய், ஒரு நீண்ட வரிசையில் நிற்கிறவர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்கிறார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மதம். வரிசையில் முதலில் நிற்பவர் நாஸ்திகர்! தாம் நம்பாததை இவ்வளவு மரியாதையோடு எழுத அவரால் முடிந்தது. தான் நம்பாததை அந்த மரியாதையோடு பார்க்க மட்டும் ரசிகனால் முடியாதா?

இனி என் கோபத்தைச் சொல்கிறேன். 'கலாக்டிகா' முடிவில் எனக்கும் கோபம் உண்டு; கடவுள்மேல் அல்ல. பூமிக்கு வந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 38,000 பேர். அவர்கள் ஒரு முடிவு செய்கிறார்கள்: நகரம் வேண்டாம், கப்பல்கள் வேண்டாம், எல்லாவற்றையும் சூரியனில் செலுத்தி எரித்துவிடுவோம். எவ்வளவு எளிதாக எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று ஒரு பாத்திரமே வியக்கிறது; அதற்குமேல் விவாதம் கிடையாது. எரிந்தவற்றில் ஆஸ்பத்திரிச் சாமான் இல்லையா? பிரசவத்தில் தவிக்கிறவளுக்கும் காய்ச்சலில் கிடக்கிற குழந்தைக்கும் யார் கேட்டுச் சொன்னார்கள்? எந்தக் குழந்தைக்காகத் தெய்வம் இத்தனை பாடுபட்டதோ அந்த ஹீராவின் எலும்பு, 150,000 ஆண்டுக்குப் பின் கண்டெடுக்கப்படுகிறது. இளம்பெண்ணின் எலும்பு என்கிறார்கள்! கிழவியாகும் வரை அவள் வாழவில்லை. அதற்கு யாரும் கூச்சல் போடவில்லை.

ஏன்? எல்லோரும் கடவுள் இருந்தாரா இல்லையா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சந்தடியில், மனிதர்கள் செய்த காரியம் கேள்வியில்லாமல் நழுவிவிட்டது. டெலிவிஷன் பெட்டிக்குள் மட்டும்தானா இப்படி? கோயிலைப் பற்றியும் கடவுளைப் பற்றியும் நாம் தெருவில் கட்டிப் புரளும்போதெல்லாம், பக்கத்து அறையில் மனிதர்கள் யாரோ எதையோ தீர்மானித்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வாலிபர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இருந்தாலும் கடவுளை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை, சார்" என்றார்.

"வேண்டாமே" என்றேன். "உம்மை யார் ஒப்புக்கொள்ளச் சொன்னது? அந்தக் கப்பல்களை ஏன் எரித்தார்கள் என்று ஒரு தடவை கேளும். அது போதும்."