பஸ் வாங்கும் பணமும் பரீட்சிக்கும் பொறுப்பும்

பொதுப் பணத்தில் பஸ் வண்டிகளைக் கொள்வனவு செய்யும் எந்த அரசாங்கமும் மக்களின் இரண்டு கேள்விகளுக்கு விடையளிக்கக் கடமைப்பட்டுள்ளது. என்ன விலைக்கு வாங்கப்படுகின்றது என்பது ஒன்று. வாங்கப்படும் வண்டி, அது ஓடவிருக்கும் வீதிகளைத் தாங்குமா என்பது மற்றையது. நமது நாட்டில் முதலாவது கேள்வி பாராளுமன்றம் வரை செல்கின்றது. இரண்டாவது கேள்வியோ விபத்தொன்று நிகழ்ந்த பின்னரே நினைவுக்கு வருகின்றது.

2025 மே 11 ஆம் திகதி கதிர்காமத்திலிருந்து குருணாகல் நோக்கிச் சென்ற இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் கொத்மலை கெரண்டி எல்ல பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்விபத்துக்கான காரணத்தைத் தீர்மானிப்பது நமது வேலையல்ல. ஆயினும், லொறிகளுக்கென வடிவமைக்கப்பட்ட அடிச்சட்டத்தின் மீது பஸ் உடலைப் பொருத்தும் வழக்கம் தொடர்பான பழைய கேள்வி அதன் பின்னர் மீண்டும் எழுந்தது. இக்கேள்விக்கு வேறொரு நாடு எவ்வாறு விடை தேடியது என்பதை இங்கு நோக்குவது பயனுள்ளது.

அமெரிக்காவில் நகரங்கள் வாங்கும் பஸ்களின் விலையில் பொதுவாக 80 சதவீதம் வரை சமஷ்டி அரசாங்கமே வழங்குகின்றது. 1980 இன் இறுதியில் நியூயோர்க் நகரம், வாங்கிச் சொற்ப காலமேயான கிரம்மன் பிளெக்சிபிள் 870 ரக பஸ்களின் அடிச்சட்டங்களில் வெடிப்புகள் காணப்பட்டமையால், நூற்றுக்கணக்கான வண்டிகளைச் சேவையிலிருந்து அகற்றியது. திருத்தி மீண்டும் ஓடவிட்டும் பயனில்லை. 1984 இல் அந்நகரம் அவற்றை முற்றாகவே கைவிட்டது. பன்னிரண்டு வருடங்கள் ஓடியிருக்க வேண்டிய வண்டிகள் அவை. வீதியில் பயணிகளை ஏற்றிச் சென்றபோதுதான் அவை உண்மையில் பரீட்சிக்கப்பட்டன என்பதே அதன் பொருள்.

இத்தகைய அனுபவங்களின் பின்னர் 1987 இல் அமெரிக்க காங்கிரஸ் சட்டமொன்றை இயற்றியது. பரீட்சிக்கப்படாத புதிய ரக பஸ்ஸுக்குச் சமஷ்டி நிதி கிடையாது என்பதே அதன் சாராம்சம். பென்சில்வேனியா மாநிலத்தின் அல்டூனாவில், அம்மாநிலப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் பரீட்சிப்பு நிலையம் அமைக்கப்பட்டது. அங்கு பயணிகளின் எடைக்கு ஈடான பாரம் ஏற்றப்பட்டு, மேடு பள்ளமான தடத்தில் வண்டி நாட்கணக்கில் ஓட்டப்படுகின்றது. பிரேக், ஏற்றம் ஏறும் வலு, எரிபொருட் செலவு, பழுதுபார்ப்பதற்கான இலகு என்பனவும் அளவிடப்படுகின்றன. பரீட்சிப்புச் செலவில் 80 சதவீதத்தை அரசாங்கமும் எஞ்சியதை உற்பத்தியாளரும் ஏற்கின்றனர்.

ஆயினும் இந்த ஏற்பாட்டிலும் பெரிய ஓட்டையொன்று இருந்தது. வண்டி பரீட்சிக்கப்பட்டால் போதும், சித்தியடைய வேண்டியதில்லை என்ற நிலையே நீண்டகாலம் நீடித்தது. 2012 ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையில் 2016 இல் விதி திருத்தப்பட்ட பின்னரே புள்ளி வழங்கும் முறையும் குறைந்தபட்சத் தகுதியும் நடைமுறைக்கு வந்தன. சித்தி, தோல்வி என்ற எல்லை இல்லாத பரீட்சை வெறும் சடங்காகிவிடும் என்பதே இதிலுள்ள பாடம்.

இம்முறையால் காலதாமதமும் செலவும் ஏற்படுகின்றன என்பது உண்மையே. ஆனால், பரீட்சிக்காமையின் விலை அதனிலும் அதிகம் என்பதை நியூயோர்க் அனுபவித்து அறிந்துகொண்டது.

இனி நம்மிடம் வருவோம். வர்த்தக வாகனங்களுக்கு வருடாந்தம் தகுதிச் சான்றிதழ் பெறப்படுகின்றதே எனச் சிலர் கூறலாம். அச்சான்றிதழ் குறிப்பிட்டதொரு வண்டி இன்று எந்நிலையில் உள்ளது என்பதையே பார்க்கின்றது. அந்த ரகத்தின் வடிவமைப்பே பழுதானதா என்பதைக் கூறுவது அதன் பணியல்ல. வெளிநாட்டு உதவியின் கீழ் கிடைக்கும் வண்டிகளுக்கும் இது பொருந்தும். 2023 ஜனவரியில் இந்தியா 75 பஸ்களை வழங்கியபோது நாடு நன்றியுடன் பெற்றுக்கொண்டது. நன்றியுணர்வு வேறு, பரீட்சிப்பு அறிக்கையைக் கேட்டு வாங்கும் பொறுப்பு வேறு.

சிறிய நாடான நாம் அல்டூனா போன்றதொரு நிலையத்தை அமைக்க வேண்டும் என்பதில்லை. புனேயிலுள்ள இந்திய வாகன ஆய்வுச் சங்கம் போன்ற நிறுவனங்களின் அறிக்கைகளைக் கேள்விப்பத்திரத்திலேயே கட்டாய நிபந்தனையாக்கலாம். நமது மலைப் பாதைகளுக்கு ஏற்றவாறு பிரேக், கவிழ்வின்போது உடலமைப்பின் உறுதி ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச எல்லையை வகுக்க மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் துறைசார் அறிஞர்கள் உள்ளனர். அவ்வறிக்கைகள் கோவைகளுக்குள் முடங்காமல் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். அரசு பணம் கொடுக்காத தனியார் பஸ்களைப் பொறுத்தவரை, பயண அனுமதிப்பத்திரம் என்ற கடிவாளம் அதிகாரிகளின் கையிலேயே இருக்கின்றது.

யாழ்ப்பாணத்திலிருந்தும் கல்முனையிலிருந்தும் இரவிரவாகக் கொழும்புக்கு வருபவர்களும், ஹட்டன், நுவரெலியாப் பாதைகளில் அன்றாடம் பயணிக்கும் தோட்டத் தொழிலாளர்களும் தாம் ஏறும் பஸ்ஸைத் தெரிவு செய்வதில்லை. வந்த பஸ்ஸில் ஏறுகின்றனர். அவர்களுக்காகத் தெரிவு செய்பவர்கள் திறைசேரியிலும் அமைச்சிலும் அமர்ந்திருப்பவர்களே. பணத்தை விடுவிக்கும் கையெழுத்துக்கு முன்னர் பரீட்சிப்பு அறிக்கை அவர்களது மேசையில் இருக்க வேண்டும். இதனைச் சட்டமாக்குவதற்கு இன்னொரு கொத்மலை வரை காத்திருக்கக் கூடாது என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.