சிட்டி மார்க்கெட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள்

பொம்மனஹள்ளியிலும் பேகூரிலும் ஹொங்கசந்திராவிலும் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்று காய்கறி என்பது வீட்டு வாசலுக்குத் தானாக வந்து சேரும் பொருளாகிவிட்டது. அலைபேசியைத் தொட்டால் போதும், பத்து நிமிடத்தில் ஒரு பையன் ஸ்கூட்டரில் வந்து பையை நீட்டிவிட்டுப் போகிறான். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இது பெரிய உதவி. இதைக் குறை சொல்பவன் நானல்லன். ஆனால் இந்த வசதி உள்ளே வரும் அதே வாசல் வழியாக வேறொன்று வெளியே போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் வாசக அன்பர்களோடு கொஞ்சம் பேச ஆசைப்படுகிறேன்.

நம் சங்கக் கூட்டங்களில் அமெரிக்கா போய் வந்தவர்கள் தவறாமல் சொல்லும் ஒரு செய்தி உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் கடலோரமாக ஒரு சந்தைக் கட்டடம், அங்கே ரொட்டிக்கு ஒரு கடை, பாலாடைக்கட்டிக்கு ஒரு கடை, சிப்பிக்கு ஒரு கடை, எல்லாம் கண்ணாடிபோல் சுத்தம், நம் ஊரில் இப்படி ஒன்று வருமா என்று பெருமூச்சு விடுவார்கள். மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது நானும் அதைப் பார்த்தேன். ஃபெர்ரி பில்டிங் என்று பெயர். 1898இல் படகுத் துறையாகத் திறக்கப்பட்டது. 1930களில் வளைகுடாவின் மேல் பாலங்கள் வந்ததும் படகுக்கு வேலை குறைந்தது. பிறகு கட்டடத்தின் முகத்தையே மறைத்துக்கொண்டு ஓர் உயர்மட்டச் சாலையை எழுப்பினார்கள். 1989 நிலநடுக்கத்தில் அந்தச் சாலை பழுதானது. அதைச் செப்பனிடாமல் 1991இல் இடித்தே போட்டார்கள்! கட்டடமும் கடலும் மறுபடி கண்ணுக்குத் தெரிந்தன. 2003இல் அது உணவுச் சந்தையாக மறுபிறவி எடுத்தது. வெளியே வாரத்தில் சில நாட்கள் உழவர்கள் நேரில் வந்து விற்கிறார்கள். நல்ல காரியந்தான். விலையைக் கேட்டதும் நான் ஒரு பீச் பழத்தோடு நிறுத்திக்கொண்டேன் என்பது வேறு விஷயம்.

நண்பர்களே, அப்படி ஒரு நீர்க்கரைச் சந்தை நம் நகரத்திலும் இருக்கிறது. நீர்தான் இல்லை.

கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட், நம் வாயில் சிட்டி மார்க்கெட், நிற்கும் இடம் ஒரு காலத்தில் சித்திக்கட்டெ என்ற குளம். அருகிலேயே கோட்டை. 1791இல் கார்ன்வாலிஸ் படை பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தபோது சண்டை நடந்த வட்டாரம் இது. குளம் தூர்ந்து, அந்த நிலத்தில் சந்தை கூடி, மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் 1928இல் கல் கட்டடம் வந்தது. இந்த நகரத்துக் குளங்களின் கதையே இதுதான். தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாயிற்று. கரகத் திருவிழாச் சடங்குக்கென்று அதில் ஒரு சின்ன மூலையை மட்டும் குளமாக விட்டு வைத்திருக்கிறார்கள்.

கரகம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. அதை நடத்தும் திகளர்கள் தோட்டக்காரச் சமூகத்தினர். தமிழ் வேர் உள்ளவர்கள். ஏரிப் பாசனத்தில் கீரையும் பூவும் காயும் வளர்த்து இந்த நகரத்துக்குப் போட்டவர்கள். அவர்கள் பெயரில் உள்ள திகளர்பேட்டை, சிட்டி மார்க்கெட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. இன்னும் பின்னால் போக வேண்டுமானால் நம் மடிவாளா சோமேஸ்வரர் கோயிலுக்கு வாருங்கள். அங்கே சுவரில் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. வேப்பூர்க்காரர் ஒருவர், வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தைத் தானமாகக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. வேப்பூர் என்பது நம் பேகூர். இந்த ஊரின் பெயரும் ஏரியும் விளைநிலமும் தமிழ் எழுத்தில் ஒரே கல்லில் நிற்கின்றன. அந்தக் கோயிலுக்குப் பக்கத்தில், ஊருக்குப் போகும் இரவுப் பேருந்துக்காக மூட்டை முடிச்சோடு எத்தனை முறை காத்திருக்கிறோம்! ஒரு முறை உள்ளே போய்ச் சுவரைப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

சந்தைக்குத் திரும்புகிறேன். அங்கே என்ன இருக்கிறது? முதலில் பூ. விடியற்காலையில் நடுமுற்றத்தில் சாமந்தியும் கனகாம்பரமும் மல்லிகையும் மலையாகக் குவிந்திருக்கும். மாடியில் நின்று கீழே பார்ப்பதற்கென்றே வெளிநாட்டுக்காரர்கள் காமிராவோடு வருகிறார்கள். உள்ளூர்க்காரனான நம் பிள்ளை பார்த்ததில்லை. காய்கறியும் கீரையும் தனி. மேலே போனால் கருவிக் கடைகள். வெளியே வந்து நியூ தரகுபேட்டைப் பக்கம் நடந்தால் அரிசி, பருப்பு, வெல்லம், புளி, மிளகாய் மொத்த வியாபாரம். பேடகி மிளகாய் மூட்டை பிரிக்கும் கடையைத் தாண்டும்போது தும்மாமல் தாண்டியவனை நான் பார்த்ததில்லை.

இங்கே பிள்ளைகளுக்குக் கிடைப்பது இரண்டு மொழிப் பாடம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ப்ரோக்கலி தெரியும், நூல்கோல் தெரியாது. நூல்கோலைக் கன்னடத்தில் நவிலுகோசு என்கிறார்கள், அதாவது மயில்கோசு. எவ்வளவு அழகான பெயர்! சௌசௌவை இங்கே சீமெபதனெகாயி, சீமைக் கத்திரிக்காய் என்கிறார்கள். நம் ஊர்ப்பக்கம் அதையே பெங்களூர்க் கத்திரிக்காய் என்கிறோம். அவரவர்க்கு அது அடுத்த ஊர்க் காய். தண்டின சொப்பு என்றால் நம் தண்டுக்கீரை. மார்கழி, தை மாதங்களில் அவரெக்காய் குவியும்போது, அதை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்த பருப்பை இங்கே ஹிதகிதபேளெ என்பார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அது பிதுக்குப் பருப்பு. குழம்பு ஒன்றே, பெயர்தான் எல்லை தாண்டும்போது சட்டை மாற்றிக்கொள்கிறது. இதையெல்லாம் அலைபேசித் திரை சொல்லிக்கொடுக்காது. அதில் எல்லாக் காய்க்கும் ஆங்கிலப் பெயரும் ஒரு படமுந்தான்.

கன்னடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோம். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரியின் பெயரால் இந்த நகரில் நடந்தவற்றை நம் வீடுகள் மறந்துவிடவில்லை. ஆனாலும் நான் கண்டவரை, பயத்தில் கற்கும் மொழி நாக்கில் நிற்பதில்லை. ஒரு மாரு பூவுக்கு விலை கேட்டு, கொஞ்சம் குறைத்துக் கேட்டு, அந்தம்மா சிரித்துக்கொண்டே கூட ஒரு சாண் அளந்து விடும்போது கற்கும் கன்னடம் நிற்கும். அந்தம்மாவே தமிழ் பேசுபவராக இருந்துவிட்டாலும் ஒன்றும் நட்டமில்லை.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் இளைஞர்கள் கோபித்துக்கொள்வார்கள். மார்க்கெட்டுக்கு ஒரு நிலையம் முன்னதாக நேஷனல் காலேஜில் இறங்கினால் ஒரு பக்கம் காந்தி பஜார். அங்கே 1943இலிருந்து தோசை வார்க்கும் வித்யார்த்தி பவன். மறுபக்கம் விஸ்வேஸ்வரபுரம் தின்பண்டத் தெரு. மாலையில்தான் களைகட்டும். ஜனவரியில் அந்த வட்டாரத்தில் அவரெக்காய் மேளா என்று ஒன்று நடத்தி, தோசையிலிருந்து இனிப்பு வரை எல்லாவற்றிலும் அவரெக்காயைப் போட்டுவிடுகிறார்கள். இனிப்பில் போட்டதை நான் ஆதரிக்கவில்லை. லால்பாக் சாலையில் 1924இல் தொடங்கிய மாவள்ளி டிபன் ரூம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் அரிசி கிடைக்காத காலத்தில் ரவையை வைத்து இட்லி செய்து பார்த்தார்கள் என்பது அவர்கள் வீட்டுக் கதை. பஞ்சத்தில் பிறந்த பலகாரம் இன்று நம் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறது.

இனி மறுபக்கம். மார்க்கெட்டா, அந்தக் குப்பையிலா, அந்த நெரிசலிலா என்று நம் பெண்மணிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மழை பெய்தால் அழுகிய கோசு இலையில் கால் வழுக்கும். பெண்கள் ஒதுங்க நல்ல கழிப்பறை கிடைப்பது அரிது. விடிய விடிய உட்கார்ந்து விற்கும் பெண்களுக்கும் அதே கதிதான் என்பதை மட்டும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காக்காரர்கள் சந்தையை மறைத்த பாலத்தை இடித்தார்கள். நாமோ 1990களின் இறுதியில் சந்தையின் முகத்துக்கு நேரே மேம்பாலம் கட்டினோம். கல் கட்டடத்தின் முகப்பை நின்று பார்க்கவே இன்று இடம் தேட வேண்டியிருக்கிறது.

ஆகவே மார்க்கெட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்பதில் எனக்கும் இரண்டாம் கருத்து இல்லை. யாருக்காகப் புதுப்பிப்பது என்பதில்தான் சண்டை. சான் பிரான்சிஸ்கோ வழியில் போனால் கட்டடம் பிழைக்கும், கீரைக்காரி பிழைக்க மாட்டாள். வாடகை கொடுக்க முடிந்தவர் மட்டும் உள்ளே இருப்பார். நம்மவர்கள் நன்றாக அறிந்த இன்னொரு வழி உண்டு. சிங்கப்பூர் தேக்கா சந்தை. அதுவும் நீர்க்கரையில் பிறந்ததுதான். ரோச்சோர் கால்வாய் ஓரத்து மூங்கில் புதரால் வந்த பெயர் என்பார்கள். பழைய சந்தையை அகற்றி 1982இல் அடுக்குக் கட்டடம் கட்டியபோது, கீழே மீனும் ஆட்டிறைச்சியும் முருங்கைக்காயும் வாழையிலையும், பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடைகளும் என்று அமைத்தார்கள். தெருவில் தள்ளுவண்டி வைத்திருந்தவர்களை அந்நாட்டு அரசு இப்படிப்பட்ட கட்டடங்களுக்குள் கொண்டுவந்து தண்ணீரும் சாக்கடையும் கொடுத்தது. 2020இல் யுனெஸ்கோ அந்த உணவங்காடிப் பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. தேக்காவில் இன்றும் கூலி வேலை செய்பவர் ஒருவர் வயிறாரச் சாப்பிடலாம். நமக்கு வேண்டியது அந்த வழி என்பது என் உறுதியான கருத்து.

இதில் நம் சங்கத்துக்கு வேலை இருக்கிறது. ஒசூர் சாலை நெடுகிலும், மடிவாளாவிலும், பொம்மனஹள்ளி ஆயத்த ஆடைத் தொழிற்சாலை வாசல்களிலும் பூவும் பழமும் இட்லியும் விற்பவர்களில் நம் மாவட்டக்காரர்கள் எத்தனை பேர் என்று காது கொடுத்தாலே தெரியும். 2014இல் தெருவோர வியாபாரிகள் சட்டம் என்று மத்திய அரசு ஒன்று இயற்றியிருக்கிறது. அதன்படி வியாபாரிகளைக் கணக்கெடுத்து, விற்பனைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சட்டம் இவ்வளவு சொல்கிறது. கன்னடத்தில் படிவம் எழுதத் தெரியாத கிருஷ்ணகிரிப் பாட்டிக்கு இதை யார் சொல்வது? பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்ற நடுவரைச் சென்னையிலிருந்து அழைக்கும் செலவில் ஒரு பங்கைக் கொண்டு, சனிக்கிழமைதோறும் ஒரு மேசை போட்டு, கன்னடம் எழுதத் தெரிந்த நம் கல்லூரிப் பிள்ளைகள் இருவரை உட்கார வைக்கலாம். பட்டிமன்றப் பிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

ஆண்டு விடுமுறைக்கு நந்தி மலையும் மைசூரும் பார்த்தாயிற்று. இம்முறை குடும்பங்களாகச் சிட்டி மார்க்கெட்டுக்குப் போவோம் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழி மெட்ரோ ஓட ஆரம்பித்தபின் பேருந்தில் சில்க் போர்டு சந்திப்பில் அரை நாள் நிற்கும் வேலையும் இல்லை. பொம்மனஹள்ளியில் ஏறி ஆர்.வி. ரோட்டில் பச்சை வழிக்கு மாறினால் ஐந்தாவது நிலையம் மார்க்கெட். ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ தாமதமாகத்தான் தொடங்கும், அதற்குள் பூச்சந்தையின் உச்சம் முடிந்துவிடும். எனவே சனிக்கிழமை முதல் வண்டி நல்லது. வரலட்சுமி நோன்புக்கும் ஆயுத பூஜைக்கும் முந்தைய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், குழந்தைகளைக் கூட்டத்தில் தேட வேண்டிவரும். வழுக்காத செருப்பும் துணிப்பையும் இருக்கட்டும். பிள்ளைகள் ஆளுக்கு ஐம்பது ரூபாய் சில்லறை வைத்துக்கொள்ளட்டும், பேரத்தை அவர்களே பேசட்டும்.