பாலம் விழுந்த பிறகு கப்பலில் அடைபட்டவர்கள்

2024 மார்ச் 26, நோன்பு காலம். அமெரிக்காவின் பால்டிமோரில் 'டாலி' என்ற கொள்கலன் கப்பல் மோதி ஃபிரான்சிஸ் ஸ்கொட் கீ பாலம் சரிந்து விழுந்த காணொளியை நம்மில் பார்க்காதவர்கள் குறைவு. பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அந்தக் கப்பல் வந்துகொண்டிருந்தது நமது கொழும்புத் துறைமுகத்துக்கு. அதிலிருந்த 21 பணியாளர்களில் 20 பேர் இந்தியர், ஒருவர் இலங்கையர்.

பாலத்தைப் பற்றி உலகம் பேசியது. அந்த 21 பேரைப் பற்றிப் பேசியவர்கள் சொற்பம். வீசா சிக்கலாலும் விசாரணையாலும் அவர்கள் எட்டு வாரங்களாகக் கரையில் கால் வைக்கவில்லை. ஏப்ரல் நடுப்பகுதியில் எப்.பி.ஐ. அதிகாரிகள் ஏறி அவர்களின் கைபேசிகளை எடுத்துச் சென்றனர். மே 13ஆம் திகதி பாலத்தின் இரும்பை வெடிவைத்துத் தகர்த்தபோதும் அவர்கள் கப்பலுக்குள்ளேயே இருந்தனர்.

லுணுகலை, மடுல்சீமை, ஹொப்டன் பக்கத்துப் பிள்ளைகள் உயர்தரம் முடித்ததும் வளைகுடாவை மட்டும் நினைப்பதில்லை. கப்பல் வேலையையும் விசாரிக்கிறார்கள். சம்பளத்தைக் கேட்கிறார்கள், கரையில் இறங்க என்ன வேண்டும் என்று கேட்பதில்லை.

கப்பல் துறைமுகத்தை அடையுமுன்பே பணியாளர் பட்டியல், சுகாதார அறிவிப்பு, ஒவ்வொருவரின் உடைமைப் பட்டியல் எல்லாம் முகவர் மூலம் அதிகாரிகளுக்குப் போய்விடும். சுங்க அதிகாரிகள் சிகரெட், மதுபான இருப்பு உள்ள அறைக்கு முத்திரை வைப்பார்கள். குடிவரவு அதிகாரி கடவுச்சீட்டையும் மாலுமிப் பதிவேட்டையும் பார்த்த பிறகே கரை இறங்கும் அனுமதி. மாலுமி கரையிறங்க வீசா கேட்கக்கூடாது என்று 1965ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் போக்குவரத்து வசதி உடன்படிக்கை சொல்கிறது. ஆனால் அதிலிருந்து விலகி நிற்க நாடுகளுக்கு இடமுண்டு. அமெரிக்கா ஒவ்வொரு மாலுமியிடமும் தனி வீசா கேட்கிறது.

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போதைப்பொருள் கடல் வழியாகவும்தான் நமது நாட்டுக்குள் வருகிறது. ஆனால் சரக்கு இறங்கிப் போகும் வாசலில் அதைச் சுமந்து வந்தவன் மட்டும் நிறுத்தப்படுகிறான். மண்டபம் முகாமில் தடுத்துவைத்துச் சோதித்த பிறகே இங்கு அனுப்பப்பட்ட முன்னோரின் கதை தெரிந்த ஊவாத் தோட்ட மக்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

அமெரிக்காவை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ள் தீப்பற்றியது. நைட்ரிக் அமிலம் கசிந்த கொள்கலனை இறக்க அதற்கு முன் ஹமாட், ஹசீரா துறைமுகங்கள் இரண்டும் இடம் கொடுக்கவில்லை. நமது கடலுக்கும் மீனவருக்கும் நேர்ந்த அழிவுக்கு நீதி வேண்டும்தான். ஆனால் கப்பலின் உரிமையாளர்கள் வெளிநாட்டில் இருக்க, ரஷ்யக் கப்டன் பயணத்தடையால் ஆண்டுக்கணக்கில் இங்கேயே இருந்தார்.

பிள்ளையைக் கப்பலுக்கு அனுப்ப நகையை அடகு வைக்கும் பெற்றோர் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இலங்கை 2017இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி மருத்துவச் சான்றிதழ், மாலுமிப் பதிவேடு, கடவுச்சீட்டு ஆகியவற்றின் செலவைத் தவிர, வேலைக்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கக்கூடாது. வீசாச் செலவும் கப்பல் உரிமையாளருடையது. முகவர் "அமெரிக்க வீசாவுக்கு" என்று தனியாகப் பணம் கேட்டால், எந்தச் சட்டப்படி என்று எழுத்தில் கேளுங்கள்.