கீழே இருந்து பேசுகிற குரல்

பொங்கலுக்கு என் தங்கையின் பேரன் குத்தாலம் வந்திருந்தான். வெளி மாநிலத்தில் ஒரு பள்ளியில் விமானம் ஓட்டப் பயிற்சி எடுக்கிறான். நாலு பேர் உட்காரக்கூடிய செஸ்னா 172. "ரெக்கை வச்ச மாருதி கார்னு நினைச்சுக்குங்க தாத்தா" என்கிறான். திண்ணையில் கரும்பு கடித்துக்கொண்டே அவன் சொன்ன ஒரு சங்கதி ஒரு மாதமாக என் தலைக்குள் சுற்றுகிறது. எழுதிவிட்டால் இறங்கும் என்று எழுதுகிறேன்.

ஆசிரியர் இல்லாமல் தனியாக வேறொரு ஊருக்குப் பறந்து திரும்பவேண்டிய நாள். பாதி வழியில் பையனுக்குத் திசை குழம்பிவிட்டது. வரைபடத்தில் ஓர் ஆறு, கீழே பார்த்தால் மூன்று. சுற்றிலும் பச்சை வயல். நமக்கு இது புரியும். காவிரி எது, வீரசோழன் எது, மஞ்சளாறு எது என்று தண்ணீர் முறை வைக்கும் நாளில் கரையில் நிற்கிறவர்களே சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறோம். மேலே இருந்து பார்க்கிறவன் என்ன செய்வான்?

"உடனே ரேடியோவிலே சொல்லலியாடா?" என்றேன்.

"பத்துப் பன்னிரண்டு நிமிஷம் சொல்லலை தாத்தா. வெட்கமா இருந்துச்சு."

அந்த அலைவரிசையில் பேசுவது எல்லார் காதிலும் விழுமாம். கூடப் படிக்கிறவர்கள், ஆசிரியர், கடந்து போகும் பெரிய விமானக்காரர்கள் எல்லாரும் கேட்பார்கள். 'வழி தெரியவில்லை' என்று அத்தனை பேர் நடுவில் சொல்ல நாக்கு வரவில்லை. கடைசியில் பெட்ரோல் முள்ளைப் பார்த்ததும் வெட்கம் போய்விட்டது. சொன்னான்.

கீழே இருந்த குரல் திட்டவில்லை. முதலில் எவ்வளவு எரிபொருள் இருக்கிறது என்று கேட்டது. பிறகு, கீழே என்ன தெரிகிறது? ரயில் பாலமும் சாலைப் பாலமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்றான் பையன். குரல் கொஞ்சம் யோசித்தது. மற்றவர்களைச் சற்று நேரம் பேசாமல் இருக்கச் சொன்னது. அந்தப் பாலத்தின் மேலேயே ஒரு வட்டம் அடி, பிறகு இன்ன திசையில் திரும்பு, ஏழெட்டு நிமிடத்தில் இன்னது தெரியும் என்றது. தெரிந்தது. இறங்கினான். "தேங்க்யூ சார்" என்றான். "குட் டே" என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

"அந்த சார் யாரு?"

"தெரியாது தாத்தா. குரல் தெரியும். தினம் கேக்கிற குரல்தான்."

இந்த இடத்தில்தான் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டாகிறது. விமானம் என்றால் ஓட்டுகிறவனைத்தான் நாம் நினைக்கிறோம். விமானிக்கும் விமானிக்கும் உள்ள தோழமையைப் பற்றிக் கதைகள் உண்டு. 1930-ல் ஆகா கான் பரிசுக்காக இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறந்த போட்டியில், எகிப்தில் அபூகிர் என்ற இடத்தில் ஸ்பார்க் பிளக் இல்லாமல் நின்ற ஆஸ்பி இன்ஜினியருக்கு ஜே.ஆர்.டி. டாடா தன்னிடமிருந்ததைக் கொடுத்தார். பரிசு ஆஸ்பிக்குப் போயிற்று. நல்ல கதைதான். ஆனால் விமானிக்கும் தரையில் உட்கார்ந்து தகவல் சொல்கிறவனுக்கும் உள்ள உறவு அதைவிட அபூர்வமானது என்பது என் கட்சி. ஒருவன் முகம் ஒருவனுக்குத் தெரியாது. பெயர் தெரியாது. ஒருவன் உயிர் இன்னொருவன் வாயில் இருக்கிறது.

விமானத் தகவல் அதிகாரி என்று ஒரு வேலை உண்டு. கட்டுப்பாட்டு அதிகாரி வேறு, இவர் வேறு. அவர் 'இறங்கு', 'நில்' என்று உத்தரவு போடுவார். இவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்த ஓடுபாதை உபயோகத்தில் இருக்கிறது, பக்கத்தில் வேறு யார் பறக்கிறார்கள் என்று தெரிவிப்பதோடு சரி. பிரிட்டனில் சிறிய விமான நிலையங்கள் பலவற்றில் இப்படித் தனியாகவே ஆட்கள் இருக்கிறார்கள். இறங்க வரும் விமானத்துக்கு அவர்கள் சொல்வதன் பொருள், 'உங்கள் யுக்தம் போல் இறங்கலாம்' என்பதுதான். நம் நாட்டில் இரண்டு வேலையும் பெரும்பாலும் ஒரே ஆளின் குரலில் வருகின்றன. சென்னை, மும்பை, டில்லி, கொல்கத்தாவில் விமானத் தகவல் மையங்கள் இருக்கின்றன. வெளியூருக்குப் புறப்படும் சின்ன விமானம்கூட அங்கே ஓர் எண்ணும், வான் பாதுகாப்புக்கென்று இன்னோர் எண்ணும் வாங்கிக்கொண்டுதான் கிளம்பவேண்டும்.

உத்தரவு போட அதிகாரம் இல்லாமல், விஷயம் மட்டும் தெரிந்து உட்கார்ந்திருக்கிறவன். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தைந்து வருஷம் நான் பார்த்த குமாஸ்தா வேலை இதுதானே! கோப்பில் குறிப்பு எழுதி, விதியைக் காட்டி, 'தங்கள் உத்தரவுக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்று கீழே ஒரு வரி. முடிவு எடுப்பவர் வேறு. ஆனால் எந்த விதி எங்கே இருக்கிறது, எந்தத் தேதி எப்போது முடிகிறது என்பது குமாஸ்தாவுக்குத்தான் தெரியும்.

சிரிப்பு நீடிக்கவில்லை. ஒரு மழை வருஷம். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். பயிர் மூழ்கிப்போன ஒரு குத்தகை விவசாயி நிவாரண மனுவோடு என் மேஜைக்கு வந்தார். அது என் பிரிவு இல்லை. அடுத்த மேஜையைக் கை காட்டினேன். அந்த மேஜைக்காரர் விடுப்பில் இருந்தார். பெரியவர் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, திங்கட்கிழமை வருகிறேன் என்று போய்விட்டார். மனு கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அந்தச் சுற்றறிக்கை என் தட்டிலேயே இருந்தது. 'ஐயா, திங்கட்கிழமை வந்தால் வாங்க மாட்டார்கள்' என்று சொல்ல எனக்கு உத்தரவு தேவையில்லை. அதிகாரமும் தேவையில்லை. வாய் இருந்தால் போதும். சொல்லவில்லை. திங்கட்கிழமை அவர் வந்ததும், அவரைத் திருப்பி அனுப்பியதும் என் கண் முன்னால் நடந்தது. என்னை அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் தெரிந்தும் சொல்லாதவன் என்பதே அவருக்குத் தெரியாது.

அதனால்தான் பையன் சொன்ன குரலை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நிற்க. தோழமை என்றதும் இருவரும் ரேடியோவில் ஊர்க்கதை பேசுவதாக நினைக்கக் கூடாது. அந்த உலகத்தில் வார்த்தைக்குக் கஞ்சத்தனம் அதிகம், காரணத்தோடு. 1977 மார்ச் 27-ந் தேதி டெனெரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். மூடுபனி. புறப்படுகிறோம் என்கிற பொருளில் டச்சு விமானி ஏதோ சொல்ல, கோபுரத்திலிருந்து 'ஓகே' என்று ஒரு சொல் வந்தது. அதற்கடுத்து வந்த 'காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்' என்பது, இன்னொரு விமானமும் அதே நொடியில் பேசியதால் இரைச்சலில் அமுங்கிப்போயிற்று. அந்த 'ஓகே' ஒன்றுதான் தெளிவாகக் கேட்டது. அதன் பிறகு 'டேக் ஆஃப்' என்ற சொல்லையே, அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெதற்கும் உபயோகிக்கக் கூடாது என்று வைத்தார்கள்.

ஒரு சொல் மாறினால் என்ன ஆகும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. போனில் 'குத்தாலம்' என்றால் எதிர்முனை 'அருவி ஊரா, சீசன் எப்படி?' என்கிறது. எனக்கு வரவேண்டிய ஒரு பார்சல் தென்காசிப் பக்கம் போய்க் குளித்துவிட்டு வந்தது. இதற்காகத்தான் விமானக்காரர்கள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று. அதில் ஜூலியட்டை எழுதும்போது கடைசியில் இரண்டு 'டி' போடுகிறார்கள். ஏன் தெரியுமா? ஒரே 'டி' போட்டால் பிரெஞ்சுக்காரன் அதை உச்சரிக்காமல் விழுங்கிவிடுவான் என்று பயம். காரைக்காலில் பிரெஞ்சு மொழியில் படித்தவன் என்ற முறையில் அந்தப் பயம் நியாயமானது என்று சாட்சி சொல்கிறேன்.

பிரெஞ்சு என்றதும் இன்னொன்று. ஆபத்தில் விமானி மூன்று முறை சொல்லும் 'மேடே' ஆங்கிலம் இல்லை, பிரெஞ்சு. 1920-களில் லண்டனில் குராய்டன் விமான நிலையத்தில் ரேடியோ அதிகாரியாக இருந்த மாக்ஃபோர்டு என்பவர் உண்டாக்கியது. அப்போது அங்கே பாரிஸ் விமானங்களே அதிகம். இரு தரப்புக்கும் புரியவேண்டும் என்று 'மேதே', அதாவது 'எனக்கு உதவுங்கள்' என்பதை எடுத்துக்கொண்டார். 1927-ல் உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்டது. எங்கள் பிரெஞ்சு வாத்தியாராக இருந்தால் சிவப்பு மையில் அடித்திருப்பார். தனியாகச் சொல்வதானால் 'எதே முவா' என்பதுதான் இலக்கணம். இருக்கட்டும். உயிர் போகும்போது இலக்கணம் யார் பார்க்கிறார்கள்? அவ்வளவு பெரிய ஆபத்து இல்லாதபோது சொல்லும் 'பான் பான்' என்பதும் வண்டி பழுதாகி நிற்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான். எனக்குப் பிடித்தது என்னவென்றால், விமானியின் கடைசி அபயக் குரலுக்கான சொல்லை ஆக்கிக் கொடுத்தவர் விமானி அல்ல, தரையில் காது கொடுத்து உட்கார்ந்திருந்தவர்.

அந்தக் காது எப்போதும் காப்பாற்றிவிடும் என்றும் இல்லை. 1936 டிசம்பர் 7-ந் தேதி டாக்கரிலிருந்து தென் அட்லாண்டிக் கடலைத் தாண்டக் கிளம்பிய ழான் மெர்மோஸ், பிரெஞ்சுப் பையன்களுக்கெல்லாம் வீரன், பின்புற வலது இயந்திரத்தை நிறுத்துகிறோம் என்று ஒரு செய்தி அனுப்பினார். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஐந்து பேரும் கிடைக்கவில்லை. கரையில் அந்தச் செய்தியை வாங்கியவன் அடுத்த செய்திக்காக எவ்வளவு நேரம் காதில் கருவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று பள்ளிக்கூடத்திலேயே யோசித்திருக்கிறேன். அவன் பெயரை எங்கள் பாடத்தில் யாரும் சொல்லவில்லை.

இன்று அந்தக் காத்திருப்புக்கும் விதி இருக்கிறது. வரவேண்டிய நேரத்துக்கு மேல் அரை மணி நேரம் விமானியிடமிருந்து பேச்சு வராவிட்டால் 'சந்தேக நிலை'. விசாரித்தும் துப்பு இல்லையென்றால் 'எச்சரிக்கை நிலை'. அதற்கும் மேலே 'ஆபத்து நிலை'. கடைசி பஸ் போன பிறகும் வராத பிள்ளைக்காக வாசல் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் மூன்று நிலைகள்தான். சின்ன விமானத்துக்கு இது இன்னும் முக்கியம். தாழப் பறப்பதால் ரேடியோ வெகுதூரம் எட்டாது. குத்தாலத்துக்கு நேர் மேலே பறக்கிறவனைத் திருச்சியில் கேட்கவேண்டும் என்றால், கணக்குப்படி அவன் சுமார் 2000 அடிக்கு மேல் இருந்தாக வேண்டும். அதற்குக் கீழே போனால் பூமியின் வளைவு குரலை மறைத்துவிடும்.

எங்கள் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். மீட்டர் கேஜ் காலத்தில், நிற்காமல் போகும் வண்டிக்கு ஸ்டேஷன் ஆள் பிளாட்பாரத்தில் டோக்கன் வளையத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். தோல் பைக்குள் இரும்புக் குண்டு. இஞ்சினிலிருந்து ஒரு கை நீண்டு அதைக் கொத்திக்கொண்டு போகும், பழையதை எறிந்துவிட்டு. ஒரு நொடிதான். ஆனால் அந்தக் கையைப் பார்த்தே இன்னார் என்று சொல்வார் ஸ்டேஷன்காரர். குரலை வைத்து ஆளை அறிவதும் அப்படித்தான் போலும்.

என் யோசனை இரண்டுதான். விமானம் ஓட்டப் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையையும், தனியாகப் பறக்க விடுவதற்கு முன்னால், தகவல் சொல்கிறவர் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார வைக்கவேண்டும். அந்த அதிகாரிகளையும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சின்ன விமானத்தில் ஏற்றிக் காட்டவேண்டும். அமெரிக்காவில் கட்டுப்பாட்டு அதிகாரிகள் விமானி அறையில் உட்கார்ந்து பார்த்துவர ஓர் ஏற்பாடு இருந்தது. 2001 செப்டம்பர் சம்பவத்துக்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள், பிறகு வெகு காலம் கழித்து வேறு வடிவில் கொண்டுவந்தார்கள். பிரிட்டனில் அவசர அலைவரிசையில், ஆபத்து ஏதும் இல்லாமலே, 'பயிற்சிக்காகக் கூப்பிடுகிறேன்' என்று விமானிகள் பேசிப் பார்க்க அனுமதி உண்டு. வெட்கம் தெளிய இதைவிட நல்ல மருந்து கிடையாது. பாதுகாப்பு, ரகசியம் என்று ஆட்சேபணை வரும். நானும் அரசாங்கத்தில் இருந்தவன், அந்தக் குறிப்பை எப்படி எழுதுவார்கள் என்பது தெரியும். ஆனால் பன்னிரண்டு நிமிடம் வாய் திறக்காமல் சுற்றிய பையனை நினைத்துப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

முகம் தெரிந்துவிட்டால் பேச்சில் இளக்காரம் வந்துவிடாதா, டெனெரிஃப் மாதிரி 'ஓகே' புகுந்துவிடாதா என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆபரேஷன் செய்யும் டாக்டரும் நர்ஸும் தினம் ஒன்றாக டீ குடிக்கிறவர்கள்தான். கத்தியைக் கேட்கும்போது கத்தியைத்தான் கேட்கிறார்கள்.

பையன் ஊருக்குக் கிளம்பும்போது, அந்தச் சாரைப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வா என்று சொல்லி அனுப்பினேன். வெறும் கையோடு போகாதே என்று அவன் பாட்டி அதிரசம் ஒரு டப்பா கட்டிக் கொடுத்தாள். போன வாரம் போன் பண்ணினான். பரீட்சை இருக்கிறதாம், இன்னும் போகவில்லையாம். அதிரசம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.