கொடிக்குச் சொன்ன சத்தியம்

மனனஞ் செய்து ஒப்புவித்தல் வேறு. பொருளுணர்ந்து சொல்லுதல் வேறு. ஆசிரியத் தொழிலில் உள்ள நாம் இதனை நாடோறும் காண்கின்றோம். அமெரிக்கப் பாடசாலைகளிற் காலைதோறும் மாணாக்கர் கூறும் கொடிச் சத்தியத்தின் வரலாறும் இதனையே விளக்குகின்றது.

அச்சத்தியத்தை இயற்றியவர் மன்னருமல்லர், மந்திரியுமல்லர். முன்னர்க் கிறித்தவ குருவாயிருந்து, பின்னர்ப் பொஸ்ரன் நகரில் இளைஞர் சஞ்சிகையொன்றிற் பணியாற்றிய பிரான்சிஸ் பெலமி என்பவரே அவர். கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்த 400 ஆம் ஆண்டு நிறைவைப் பாடசாலைகள் கொண்டாடும் பொருட்டு, 1892 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் அச்சஞ்சிகை அதனை வெளியிட்டது. பாடசாலைகளுக்குக் கொடி விற்பதும் அச்சஞ்சிகை நடத்திய முயற்சிகளுள் ஒன்று. உள்நாட்டுப் போர் ஓய்ந்து 27 ஆண்டுகளே கழிந்திருந்தன. ஆதலின், நாடு பிரிக்கவொண்ணாதது என்னும் கருத்தை அவர் அதிற் பொதிந்தார். யாவர்க்கும் சுதந்திரமும் நீதியும் உண்டென முடித்தார்.

பின்னர் மாற்றங்கள் பல நேர்ந்தன. குடியேறி வந்தோர் தம் பழைய நாட்டுக் கொடியை நினைத்தலாகாதென்று, 'என் கொடி' என்றிருந்ததை 1923 இல் அமெரிக்கக் கொடியெனத் தெளிவாக்கினர். கையை முன்னே நீட்டி வணங்கும் முறை நாற்சிகளின் வணக்கத்தை ஒத்திருந்தமையால், 1942 இல் நெஞ்சிற் கைவைக்கும் வழக்கம் சட்டமாயிற்று. 'கடவுளின் கீழ்' என்னும் தொடர் 1954 இலேயே சேர்ந்தது.

இவற்றினும் நம் சிந்தையைக் கவர்வது இரு சிறுவரின் கதை. 1935 இல் பென்சில்வேனியாவில், 12 வயதுத் தமக்கையும் 10 வயதுத் தம்பியும் கொடியை வணங்க மறுத்தனர். யெகோவாவின் சாட்சிகள் என்னும் சமயத்தினரான அவர்களுக்கு அது விக்கிரக வணக்கமாகத் தோன்றிற்று. பாடசாலை அவர்களை விலக்கியது. 1940 இல் அமெரிக்க உயர் நீதிமன்றமும் எட்டுக்கு ஒன்றென அவர்களுக்கு எதிராகவே தீர்த்தது. அதன்பின் பல ஊர்களில் அச்சமயத்தார் கும்பல்களால் தாக்குண்டனர்.

எனினும் மூன்றே ஆண்டுகளில் அறம் விழித்தது. 1943 யூன் 14 இல், உலகப் போர் மூண்டிருந்த வேளையிலேயே, மேற்கு வேர்ஜினியா வழக்கொன்றில் அதே நீதிமன்றம் ஆறுக்கு மூன்றெனத் தன் தீர்ப்பை மாற்றியது. முன்னர் எதிர்த்த நீதியரசருள் மூவர் தம் கருத்தைத் திருத்திக்கொண்டனர். ஒருவர் மனச்சான்றுக்கு மாறாகச் சத்தியஞ் செய்விக்க எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை என்பதே நீதியரசர் ஜக்சன் எழுதிய தீர்ப்பின் சாரம்.

சுதந்திரம் என்னும் சொல்லைப் பல்லாயிரவர் வாயாற் கூறினர். வாய்திறவாது நின்ற சிறுவரோ அதன் பொருளை நாடறியச் செய்தனர். மாணாக்கரை எதனையும் ஒப்புவிக்கச் சொல்லுமுன், அதன் பொருளை அவர்க்கு உணர்த்தினோமா என நம்மை நாமே வினாவிக்கொள்ளுதல் நன்று.